கால்டெரா: பெருவாயா, கொப்பரையா?

எரிமலைகளைப் பற்றிய விவரணப் படங்களின் தமிழ்க் குரலில், எரிமலையின் உச்சி உள்ளே அமிழ்ந்து உண்டாகும் பெரும்பள்ளமான ‘கால்டெரா’ வரும் இடமெல்லாம் ‘பெருவாய்’ என்கிறார்கள். சென்ற வாரமும் அதையே கேட்டபின் பொறுக்கவில்லை.

கால்டெரா ஸ்பானியச் சொல். கொதிக்க வைக்கும் பெரிய கலம் என்பது பொருள். கானரித் தீவுகளில் வழங்கிய அப்பெயரை 19ஆம் நூற்றாண்டில் நிலவியலுக்குள் பரப்பியவர் ஜெர்மானியரான லியோபோல்ட் ஃபான் பூக்.

எரிமலைவாய் (ஆங்கிலத்தில் ‘கிரேட்டர்’) என்பது குழம்பும் சாம்பலும் வெளியேறும் திறப்பு. ‘பெருவாய்’ என்றால் அதே திறப்பு, அளவில் பெரியது என்றுதானே படும்? வேறுபாடு அளவில் இல்லை, உண்டான விதத்தில் இருக்கிறது. வட அமெரிக்காவின் மேற்கோரத்தில், கடற்தட்டு ஒன்று கண்டத்தட்டின் அடியில் செருகுவதால் எழுந்த கேஸ்கேட் மலைத்தொடரில் மசாமா என்றொரு மலை இருந்தது. ஏறத்தாழ 7,700 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்து, அடியில் இருந்த பாறைக்குழம்பு பெருமளவு வெளியேறிவிட, தாங்கல் இழந்த உச்சி அப்படியே உள்ளே அமிழ்ந்தது. மழையும் பனியும் நிரப்பிய அந்தப் பள்ளம் இன்று 594 மீட்டர் ஆழமுள்ள ஏரி. அதன் மேற்குப் பக்கத்தில் எழுந்த விசார்ட் தீவின் தலையில்தான் உண்மையான எரிமலைவாய் ஒன்று இருக்கிறது. பெருவாய்க்காரர்கள் இதை எப்படிச் சொல்வார்கள்? வாய்க்குள் தீவு, தீவின் மேல் இன்னொரு வாய் என்றா? (அந்த ஏரிக்கு ஆங்கிலத்திலேயே ‘கிரேட்டர் லேக்’, அதாவது வாய் ஏரி என்றுதான் பெயர். பிழை நமக்கு மட்டும் சொந்தமன்று.)

கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பாலைக் கொட்டகையில் பாகு காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கான சொல்லைத் தேட வேண்டியதே இல்லை. அகன்று தட்டையான அடி, சுற்றிலும் எழும் சரிவான விளிம்பு: கொப்பரை. ஸ்பானியர் கண்ட உவமையும் இதுவே.

கொப்பரை என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காய்ந்த தேங்காய்தான் நினைவுக்கு வரும் என்று காங்கேயத்து நண்பர் ஒருவர் சிரித்தார். பெருந்துறையிலும் வெள்ளகோவிலிலும் ஏலம் போவதும் அந்தக் கொப்பரைதான், மறுக்கவில்லை. ஆயினும் திருவண்ணாமலையில் தீபக் கொப்பரை ஏற்றினார்கள் என்றால் எவரும் தேங்காயை நினைப்பதில்லை. முன்னால் நிற்கும் சொல் பொருளைப் பிரித்துவிடுகிறது. ‘எரிமலைக்கொப்பரை’ என்று சேர்த்துச் சொன்னால் குழப்பத்துக்கு இடமேது? உள்ள சொல்லின் தலையில் ‘பெரு’வைக் கட்டிப் புதுச்சொல் என்று நீட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், அகராதியை மூடிவிட்டு ஒரு நாள் ஆலைக்கொட்டகைக்கு வரட்டும், சூடான சர்க்கரையும் கிடைக்கும்.