முப்பது வயதில் பத்து வருட ஒப்பந்தம்

2011 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி பேஸ்பால் உலகத் தொடரை வென்றது. அதில் ஒரே ஆட்டத்தில் 3 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே பறக்கவிடும் அடி) அடித்தவர் ஆல்பர்ட் புஹோல்ஸ். இரண்டே மாதத்தில் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணி அவரை வளைத்துப் போட்டது: 10 வருடம், 24 கோடி டாலர். அப்போது அவருக்கு வயது 31.

செயின்ட் லூயிஸில் 11 சீசன்களில் 445 ஹோம் ரன், அடிக்கும் சராசரி (அடிக்க முயன்றதில் ஹிட் ஆனவற்றின் பங்கு) .328. ஏஞ்சல்ஸுக்கு வந்த பிறகு 222 ஹோம் ரன், சராசரி .256. ஒப்பந்தம் முடியும் முன்பே, 2021 மே மாதம், விடுவித்துவிட்டார்கள்.

ஏஞ்சல்ஸ் நிர்வாகத்துக்குக் கணக்குத் தெரியாதா? தெரியும். சிக்கல் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

பந்து 150 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் மட்டையாளருக்குக் கிடைப்பது சுமார் 0.4 விநாடி. பந்தைக் கணித்து, முடிவெடுத்து, மட்டையைச் சுழற்றி முடிக்க வேண்டியது அதற்குள். வயது கூடக்கூட மட்டையின் வேகம் இம்மியளவு குறைந்தாலும், வேலிக்கு வெளியே போயிருக்க வேண்டிய பந்து வேலியோரம் கேட்ச் ஆகிவிடும். அதிலும் கனத்த உடம்புள்ள அதிரடி வீரர்கள் பெரும்பாலும் ஃபீல்டிங்கில் அதிகம் ஓட வேண்டியிராத முதல் பேஸில் நிற்பவர்கள். ஓட்டமும் ஃபீல்டிங்கும் கைகொடுக்காது. அடி போனால் எல்லாம் போச்சு. மட்டையாளர்கள் பொதுவாக உச்சத்தில் இருப்பது 26 முதல் 29 வயதுக்குள். ஆனால் அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் 6 வருடம் ஆடிய பிறகுதான் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை கிடைக்கிறது. ஆக, சந்தைக்கு வரும்போதே பலர் முப்பதைத் தொட்டிருப்பார்கள். நல்ல வருடங்களைப் பழைய அணி மலிவாக அனுபவித்து முடித்திருக்கும்.

சரி, விலை எப்படிப் போடுகிறார்கள்? ஒரு வீரருக்குப் பதில் சாதாரண மாற்று ஆள் ஆடியிருந்தால் அணி எத்தனை ஆட்டம் குறைவாக வென்றிருக்கும் என்று பார்ப்பார்கள். ஒரு வெற்றியின் மதிப்பு 80 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் 6 வெற்றி தரும் வீரர், வருடத்துக்கு அரை வெற்றி வீதம் தேய்ந்தால், 10 வருடத்தில் 37.5 வெற்றி, அதாவது 30 கோடி டாலர். அதில் 20 கோடி முதல் ஐந்து வருடத்திலேயே வந்துவிடும். 24 கோடி கொடுத்தாலும் லாபம்தான். கடைசி வருடங்கள் வீண் என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஆனால் அவர் உண்மையில் 4 வெற்றியில் தொடங்குபவர் என்றால்? மொத்தம் 17.5 வெற்றி, 14 கோடிதான். தொடக்கத்தில் இரண்டே வெற்றி தப்பாகக் கணித்தது 16 கோடி வித்தியாசமாக வீங்கிவிட்டது. அப்புறம், ஒரே வீரருக்குப் பல அணிகள் போட்டி போடும்போது ஜெயிப்பது யார்? அவரை மற்ற எல்லோரையும்விட உயர்வாக மதிப்பிட்ட அணி. வயதைவிட இந்த ஏலப் பொறிதான் பெரிய வில்லன் என்பது என் எண்ணம்.

வருடங்களை நீட்டுவதற்கு இன்னொரு காரணம் சொகுசு வரி, அதாவது அணியின் மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் கட்ட வேண்டிய தொகை. அதற்கு ஒப்பந்தத்தின் வருடச் சராசரியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதே தொகையை அதிக வருடங்களில் பரப்பினால் சராசரி இறங்கும்.

எல்லோரும் சரிந்துவிடுவதில்லை. நியூயார்க் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ் 2022இல் 62 ஹோம் ரன் அடித்துவிட்டு, 30 வயதில் 9 வருடத்துக்கு 36 கோடி டாலர் வாங்கினார். 2024இல் 58 அடித்தார். இதுவரை யாங்கீஸுக்கு நஷ்டமில்லை; அவர் நாற்பதை நெருங்கும் வருடங்கள் பாக்கி இருக்கின்றன. மெட்ஸ் அணி 76.5 கோடி கொடுத்த ஹுவான் சோட்டோவுக்குக் கையெழுத்திடும்போது 26 வயதுதான். உச்ச வருடங்களும் சேர்ந்தே கிடைப்பதால், 15 வருடம் என்றாலும் அது அவ்வளவு பைத்தியக்காரத்தனம் இல்லை.

பால்டிமோர் ஓரியோல்ஸின் கிறிஸ் டேவிஸ் கதை வேறு. 2016இல் 7 வருடம், 16.1 கோடி. 2018இல் அவர் சராசரி .168, அடுத்த சீசன் தொடக்கம் வரை தொடர்ந்து 54 முறை அடித்துப் பார்த்தும் ஒரு ஹிட்கூட விழவில்லை. 2021இல் ஓய்வு பெற்றார். தள்ளிவைத்த சம்பளத்தை அணி அவருக்கு 2037 வரை கொடுத்துக்கொண்டிருக்கும்.