தேனீயை அடையாளம் காட்டும் மகரந்தச் சுமை

வீட்டுத் தோட்டத்துப் பூவில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட பூச்சி ஒன்று வந்து அமர்ந்தால் அதைத் தேனீ என்றும், கன்னங்கரேலென்று உரத்த ரீங்காரத்துடன் வருவதை வண்டு என்றும் சொல்லிவிடுகிறோம். இரண்டுமே தவறாக இருக்கக்கூடும். முன்னது ஈயாகவும் பின்னது அசல் தேனீயாகவும் இருப்பது அரிதன்று. உலகில் இதுவரை 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் தேனடை கட்டிப் பெருங்கூட்டமாக வாழும் ஏபிஸ் பேரினத்தைச் சேர்ந்தவை ஏறத்தாழப் பத்துதான். எஞ்சியவற்றில் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. அவற்றிடையே ராணி, வேலைக்காரத் தேனீ என்ற பிரிவு கிடையாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தானே வளை அமைத்து, தானே மகரந்தம் சேர்த்து, தானே முட்டையிடுகிறது.

தேனீக்கு நான்கு இறக்கைகள், ஈக்கு இரண்டு என்பது பாடநூல் கூறும் வேறுபாடு. உண்மைதான், ஆனால் தேனீயின் பின்னிறக்கை விளிம்பில் உள்ள நுண்ணிய கொக்கிகள் முன்னிறக்கையோடு மாட்டிக்கொள்வதால், பறக்கையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். முகத்தைப் பார்ப்பது எளிது. பூவின் முன் அந்தரத்தில் அசையாமல் நிற்கும் பட்டை போட்ட ஈக்குத் தலையின் பெரும்பகுதியும் கண்ணாகவே இருக்கும், உணர்கொம்புகள் மிகக் குட்டையாக இருக்கும். தேனீயின் உணர்கொம்புகளோ நீண்டு, முழங்கைபோல் மடங்கியிருக்கும்.

குளவியைப் பிரித்தறிவது இன்னும் கடினம்; தேனீக்களே குளவி வழியில் கிளைத்தவைதாமே. வேட்டைக் குளவி தன் புழுக்களுக்குப் பூச்சியையோ சிலந்தியையோ பிடித்து வந்து கொடுக்கிறது. தேனீயின் மூதாதை அந்த வேட்டையைக் கைவிட்டு மகரந்தத்துக்கு மாறியது. உணவு மாறவே உடலும் மாறிற்று. தூளைச் சுமக்க ரோமம் வேண்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் தேனீயின் ரோமங்கள் பறவையின் இறகுபோலக் கிளைத்திருக்கும். பறக்கும்போது அதன் உடலில் நிலைமின்னூட்டம் சேர்வதால், மகரந்தத் துகள்கள் தாமே எழும்பி அதன்மேல் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

ஆகவே நிறத்தைக் காட்டிலும், சுமை உடலில் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்பதே நல்லது. பின்னங்காலின் வெளிப்புறத்தில் ஈரமான, பளபளப்பான ஓர் உருண்டை ஒட்டியிருந்தால், அது மகரந்தத்தைத் தேனில் குழைத்துக் காலில் உள்ள கூடை போன்ற குழிவில் அடைக்கும் வகை: தேனடைத் தேனீ, கொசுத்தேனீ எனப்படும் கொடுக்கில்லாத் தேனீ, குளிர்ப் பகுதிகளில் பம்பிள் தேனீ. காலில் உள்ள தூரிகை போன்ற ரோமத்தில் உதிரித் தூளாக அப்பியிருந்தால் பெரும்பாலும் அது தனித்து வாழும் தேனீ. பலர் கருவண்டு என்று அழைக்கும் தச்சுத் தேனீயும், வயிற்றில் நீலக் கோடுகள் மின்னும் நீலப்பட்டைத் தேனீயும் இவ்வகையின. காலில் ஒன்றுமின்றி அடிவயிறு மட்டும் மஞ்சள் பூசியதுபோல் இருந்தால், அது இலைவெட்டித் தேனீயின் குடும்பம். சுமையே இல்லாவிட்டால் குழப்பம்தான்: ஆணாக இருக்கலாம், அப்போதுதான் புறப்பட்ட பெண்ணாக இருக்கலாம், பிறர் கூட்டில் முட்டையிடும் குயில் தேனீயாகவும் இருக்கலாம்.

இலைவெட்டித் தேனீயை அதன் வேலையை வைத்தும் கண்டுகொள்ளலாம். ரோஜா இலையின் விளிம்பில் கத்தரித்ததுபோல் வழுவழுப்பான பிறை வடிவ வெட்டுகள் தெரிந்தால், புழு அரித்ததாக எண்ணி மருந்து தெளித்துவிட வேண்டாம். பெண் தேனீ இலை விளிம்பைக் கால்களால் பற்றிக்கொண்டு, தாடையால் சில நொடிகளில் வளைவாக வெட்டி, துண்டைச் சுருட்டி வயிற்றுக்கடியில் இடுக்கியபடி பறந்துவிடும். நீள்வட்டத் துண்டுகள் முட்டையிடும் அறையின் சுவருக்கு, வட்டத் துண்டுகள் மூடிக்கு. அளவுகோல் எதுவும் இன்றி இரண்டையும் மாற்றி மாற்றி வெட்டுகிறது.

கண் தவறவிடுவதைச் சில வேளை காது பிடித்துவிடும். கத்தரி, தக்காளிப் பூக்களின் மகரந்தப்பைகள் குழல்போன்றவை. தூள் வெளியேற நுனியில் சிறு திறப்பு மட்டுமே உண்டு. நீலப்பட்டைத் தேனீ அந்தக் குழல்களைக் கட்டிப்பிடித்து, இறக்கைகளை அசைக்காமல் பறப்புத் தசைகளை மட்டும் அதிரவிடும். ரீங்காரம் சட்டென்று கீச்சுக் குரலுக்கு ஏறும். உப்புக்குடுவையைக் குலுக்கியதுபோல் மகரந்தம் கொட்டும். தச்சுத் தேனீயும் பம்பிள் தேனீயும் இதைச் செய்யும். தேன் என்றாலே நம் நினைவுக்கு வரும் தேனடைத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

கொட்டிவிடுமோ என்ற அச்சத்துக்கும் இந்த அடையாளங்கள் உதவும். கொடுக்கு முட்டையிடும் உறுப்பின் திரிபு என்பதால் ஆண் தேனீக்கு அது இல்லை. மரக்கட்டைக்கு அருகே அந்தரத்தில் நின்று நம்மை முறைக்கும் தச்சுத் தேனீ பெரும்பாலும் எல்லை காக்கும் ஆண்தான். தனித்து வாழும் பெண் தேனீயும் கையில் சிக்கி நசுங்கினாலன்றிக் கொட்டுவது அரிது. பெருங்கூட்டைக் காக்கும் தேனடைத் தேனீயிடம்தான் விலகி நிற்க வேண்டும்.

படம் எடுப்பதற்குத் தோதான நேரம் பொழுது சாயும் வேளை. வளை இல்லாத நீலப்பட்டைத் தேனீ ஆண்கள் மெல்லிய குச்சி ஒன்றைத் தாடையால் கவ்விக்கொண்டு, வரிசையாகத் தொங்கியபடி உறங்கும். நல்ல உருப்பெருக்கி இருந்தால் உணர்கொம்பின் கணுக்களை எண்ணிப் பார்க்கலாம்: பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13.