குளிரில் ஓய்ந்த பம்பி

வெள்ளவத்தையிலிருந்து ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு எழுபது வயது. வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கே வந்து குருதி எடுத்துச் சென்றார்கள். மறுநாள் போயா விடுமுறை, அடுத்தது ஞாயிறு. குருதிக் குழாய் அப்படியே குளிர்சாதனப் பெட்டியில் இருந்து, திங்கட்கிழமைதான் சோதிக்கப்பட்டது. பொற்றாசியம் லீற்றருக்கு 6.9 மில்லிமோல் என்று அறிக்கை வந்தது. வழமையாக 3.5 முதல் 5 வரைதான் இருக்க வேண்டும். அது 7 ஐ நெருங்கினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். வீட்டில் செவ்விளநீரும் வாழைப்பழமும் நின்றுபோயின. ஏழரைச் சனியின் வேலை என்று உறவினர் ஒருவர் சொல்ல, கோயிலில் எள்ளெண்ணெய் விளக்கேற்றிவிட்டுப் புதன்கிழமை மறுபடி குருதி கொடுத்தார்கள். உடனடியாகச் சோதித்ததில் 4.2. "எந்த அறிக்கை பொய்?" என்று கேட்கிறார்.

இரண்டும் மெய்தான். முதல் அறிக்கை குழாய்க்குள் இருந்த பொற்றாசியத்தைச் சரியாகவே அளந்திருக்கிறது. ஆனால் அது அம்மாவின் நாளத்தில் ஓடிய குருதியின் கணக்கு அல்ல. மூன்று இரவு குளிரில் கிடந்த குருதியின் கணக்கு.

குருதியின் நீர்ப்பகுதியான திரவவிழையத்தில் லீற்றருக்கு ஏறக்குறைய 140 மில்லிமோல் சோடியம், 4 மில்லிமோல் பொற்றாசியம். செங்குழியத்துக்குள் இது தலைகீழ்: பொற்றாசியம் 100 அளவில், சோடியம் 10 அளவில். இடையில் இருப்பது மெல்லிய ஒரு மென்சவ்வு. அது முழுதாக அடைத்த சுவரும் அல்ல. சோடியம் மெல்ல மெல்ல உள்ளே கசிகிறது, பொற்றாசியம் வெளியே கசிகிறது. கசிவை அப்படியே விட்டால் என்ன ஆகும்? உள்ளே ஈமோகுளோபின் நிறைந்து கிடக்கிறது, அது வெளியேற முடியாது. உள்ளே வரும் உப்பைத் தொடர்ந்து தண்ணீரும் வரும். செங்குழியம் வீங்கி வெடித்துவிடும். ஊறும் தோணியில் இருப்பவன் கை ஓயாமல் தண்ணீர் இறைப்பது போல, செங்குழியமும் தன் 120 நாள் வாழ்விலும் சோடியத்தை இறைத்துக்கொண்டே இருக்கிறது.

இறைப்பது சோடியம்–பொற்றாசியம் பம்பி என்னும் புரதம். உயர்தர மாணவர்கள் "மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொற்றாசியம் உள்ளே, ஓர் ஏ.ரி.பி. செலவு" என்று ஒரு வரியில் எழுதிப் புள்ளி வாங்கிவிடுகிறார்கள். ஏ.ரி.பி. என்பது கலத்துக்குள் சக்தியைச் சுமக்கும் மூலக்கூறு. அந்த ஒரு வரிக்குள் நடப்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

பம்பியின் நடுவே ஒரு குழி. உள்வாசல் திறந்திருக்கும்போது அந்தக் குழி சோடியத்துக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது. மூன்று சோடியம் அயன்கள் வந்து அமர்ந்ததும், ஏ.ரி.பி. தன் பொசுபேற்று ஒன்றைப் பம்பியின் மீது ஒட்டுகிறது. உள்வாசல் மூடுகிறது. அந்தக் கணத்தில் மூன்று அயன்களும் கலத்துக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. இருபுறமும் அடைத்த சின்னஞ்சிறு அறையில் இருக்கின்றன. பிறகு புரதம் நெளிந்து வெளிவாசலைத் திறக்கிறது. நெளிந்ததில் குழியின் அளவும் மாறிவிட்டது. சோடியம் அயன் சிறியது, பொற்றாசியம் அயன் பெரியது. முன்பு கச்சிதமாக இருந்த இடம் இப்போது சோடியத்துக்குத் தொளதொளப்பாகிவிட, அது கழன்று போகிறது. அதே இடம் பொற்றாசியத்துக்குப் பொருந்துகிறது. இரண்டு பொற்றாசியம் வந்து அமர்ந்ததும் பொசுபேற்று கழல்கிறது, வெளிவாசல் மூடுகிறது, உள்வாசல் திறக்கிறது, பொற்றாசியம் உள்ளே இறங்குகிறது. குழி மறுபடியும் சோடியத்தின் அளவுக்கு வந்துவிடுகிறது.

இரண்டு வாசலும் ஒரே நேரத்தில் திறப்பதே இல்லை. திறந்தால் நெடுநேரம் இறைத்ததெல்லாம் நொடியில் திரும்பி ஓடிவிடும். ஒரு செங்குழியத்தில் ஈமோகுளோபின் மூலக்கூறுகள் கோடிக்கணக்கில் உள்ளன. இந்தப் பம்பிகளோ சில நூறுதான். அந்தச் சில நூறுதான் முழுக் கலத்தையும் வெடிக்காமல் காக்கின்றன என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இனிக் குளிர். பம்பி ஒரு நொதியம், அதாவது இரசாயனத் தாக்கத்தை விரைவுபடுத்தும் புரதம். 4 பாகை செல்சியசில் அது ஏறத்தாழ நின்றுவிடுகிறது. கசிவு அந்த அளவுக்குக் குறைவதில்லை. தோணியில் ஊற்று இருக்கிறது, இறைப்பவன் உறங்கிவிட்டான். ஆசிரியையின் அம்மாவுடைய குழாயில் நடந்தது இதுதான். குருதியை எடுத்த கையோடு சுழற்றித் திரவவிழையத்தைப் பிரித்து வைத்திருந்தால் இந்தப் பதற்றமே வந்திராது. கோயிலுக்குப் போனதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அறிக்கை மெய்யாக இருந்திருந்தால், திங்களுக்கும் புதனுக்கும் இடையிலான அந்த இரண்டு நாள் உயிரையே பறித்திருக்கக்கூடும். விளக்கு மாலையில் ஏற்றலாம். மறுபரிசோதனை அன்றைக்கே நடக்க வேண்டும்.

இந்தப் பம்பியைக் கண்டறிந்தவர் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கௌ. உடலின் ஓரிடத்தை மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்று தேடிய மருத்துவர் அவர். நண்டுக் கால்களின் நரம்பை அரைத்துப் பார்த்தபோது, சோடியமும் பொற்றாசியமும் சேர்ந்திருந்தால் ஏ.ரி.பி.யை வேகமாக உடைக்கும் நொதியம் ஒன்று அதில் இருந்தது. கட்டுரை வெளிவந்தது 1957 இல், வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது 1997 இல். நண்டுக் காலை அரைக்கிறேன் என்று இங்கே ஓர் இளம் ஆய்வாளர் விண்ணப்பித்தால், நாட்டுக்கு என்ன பயன் என்ற கேள்வியிலேயே அவருடைய கோப்பு மூடப்பட்டுவிடும் என்று அஞ்சுகிறேன். நாற்பது ஆண்டு பொறுக்கும் மனம் நிதி ஒதுக்குபவர்களுக்கு வர வேண்டும்.

ஆசிரியை இன்னொன்றும் கேட்டிருந்தார். முகாம்களில் அவர் ஆண்டுதோறும் குருதி கொடுப்பவர். "நான் கொடுத்ததும் பெட்டிக்குள் இப்படித்தான் கெட்டுப்போகிறதா?"

குருதியைச் சேமிக்கும் பையிலும் கசிவு நடக்கத்தான் செய்கிறது. நாள் ஏற ஏறச் செங்குழியங்களுக்கு வெளியே பொற்றாசியம் கூடுகிறது. பச்சிளம் குழந்தைக்கு நிறையக் குருதி ஏற்ற நேர்ந்தால் புதிய பையைத் தேடுவது இதனாலும்தான். ஆனால் ஓய்ந்த பம்பி செத்த பம்பி அல்ல. குளிரில் பொற்றாசியத்தை இழந்த செங்குழியங்களை உடல் வெப்பத்துக்குக் கொண்டுவந்து குளுக்கோசும் கொடுத்தால், இழந்ததை அவை திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கின்றன என்று 1941 இலேயே ஹரிஸ் என்ற ஆய்வாளர் காட்டிவிட்டார். ஒட்சிசனைக் கொண்டு சக்தி ஆக்கும் இழைமணி செங்குழியத்தில் கிடையாது. உடலெங்கும் ஒட்சிசனைச் சுமந்து செல்லும் அது, தனக்கென்று ஒரு துளியும் எடுக்காமல், குளுக்கோசு என்னும் வெல்லத்தை உடைத்து வரும் சொற்பச் சக்தியிலேயே பம்பியை ஓட்டுகிறது. நாரஹேன்பிட்டியின் குருதி வங்கியிலிருந்து குளிர்ப்பெட்டியில் புறப்படும் உங்கள் குருதி யாரோ ஒருவருடைய நாளத்துக்குள் இறங்கி, 37 பாகை வெப்பமும் அவர் குருதியின் வெல்லமும் பட்டதும், அந்தச் சில நூறு பம்பிகளும் விட்ட இடத்திலிருந்து இறைக்கத் தொடங்குகின்றன.