ஒளிரும் விளக்கா, உடனொளிர் குழலா?

மொரிஷியஸின் ரோஸ் ஹில் நகரில் நான் எடுக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில், வீட்டில் நடந்த ஏதாவது ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தேன். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி, அவள் அப்பா உயிருள்ள பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். நல்ல எழுத்து. நடுவில் இப்படி ஒரு வாக்கியம்: “ஒளிரும் விளக்கு தொட்டிக்குச் சரிப்படாது என்பதால் அப்பா ஒளிரும் விளக்கு வாங்கி மாட்டினார்.”

இரண்டு தடவை படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். வீட்டில் பேசுவது இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழ்ச் சொல் தெரியாத இடத்தில் கைப்பேசியில் தட்டி எடுத்திருக்கிறாள். அவள் சொல்ல வந்த முதல் விளக்கு, கம்பி சூடேறி எரியும் பழைய குண்டு பல்பு, ஆங்கிலத்தில் இன்கேண்டஸன்ட். இரண்டாவது, நீளமான வெள்ளைக் குழல், ஆங்கிலத்தில் ஃப்ளோரஸன்ட். இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் கைப்பேசி கொடுத்திருக்கிறது. பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை. அறிவியல் கட்டுரை, விளக்குப் பெட்டியின் மேலட்டை, மின்சாரச் சிக்கனக் குறிப்பு என்று எங்கே பார்த்தாலும் இதே ‘ஒளிரும் விளக்கு’தான். எதைச் சொல்கிறார்கள் என்று நாமே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

குழலுக்குரிய மூலச் சொல்லின் கதை சின்னதுதான். ஃப்ளோரஸன்ஸ் என்ற பெயரை 1852இல் வைத்தவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் பட்டதும் நிறம் காட்டும் ஃப்ளோர்ஸ்பார் என்ற கல்லை வைத்து உண்டாக்கினார். உலோகம் உருக்கும்போது இளகி ஓடுவதற்காக அந்தக் கல்லைச் சேர்ப்பார்கள். அதனால் லத்தீனில் ‘பாய்தல்’ என்ற சொல்லிலிருந்து கல்லுக்குப் பெயர் வந்தது. ஆக, அந்தப் பெயருக்குள் வெளிச்சம் என்ற பொருளே கிடையாது. ஒரு கல்லின் பெயர், அவ்வளவுதான்.

அந்தப் பெயர் குறிக்கும் நிகழ்வுதான் முக்கியம். ஒரு பொருள் குறுகிய அலைநீள ஒளியை வாங்கி, அதைவிட நீண்ட அலைநீள ஒளியாக உடனே வெளியே விடுகிறது. வாங்குவது நின்றால் விடுவதும் நின்றுவிடும். குழல் விளக்கில் நடப்பது இதுதான். உள்ளே இருக்கும் பாதரச ஆவி மின்சாரத்தால் 254 நானோமீட்டர் அளவிலான புற ஊதாக் கதிரைக் கொடுக்கும். கண்ணாடியின் உட்பக்கம் பூசிய வெள்ளைப் பொடி அதை வாங்கி, நாம் பார்க்கும் வெளிச்சமாக மாற்றும். குண்டு பல்பில் நடப்பது வேறு. அங்கே டங்ஸ்டன் இழை சூடேறி, அந்தச் சூட்டினால் வெளிச்சம் தருகிறது. ஒன்று சூட்டின் வேலை, மற்றது மாற்றித் தரும் வேலை. இந்த இரண்டுக்கும் ஒரே பேர் எப்படிப் பொருந்தும்?

ஒளிர் என்பது நம் மொழியில் பொதுச் சொல். விண்மீன் ஒளிரும், மணி ஒளிரும், மகிழ்ச்சியில் முகம் ஒளிரும். எல்லா விளக்கும் ஒளிரத்தான் செய்யும். ஒளிராவிட்டால் அது விளக்கே இல்லை. ஆகவே ‘ஒளிரும்’ என்ற அடை விளக்கைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்வதில்லை. சூழலைப் பார்த்தால் புரியும் என்பார்கள். அந்தப் பெண்ணின் வாக்கியத்தில் எந்தச் சூழல் கைகொடுக்கும்? இரண்டையும் ஒப்பிட்டுப் பேச வேண்டிய இடத்தில்தான் சொல் தேவைப்படுகிறது, அங்கேயே அது கைவிடுகிறது.

தமிழகப் பாடநூல்களில் ஃப்ளோரஸன்ஸை ஒளிர்தல் என்றும், இருட்டிலும் சிறிது நேரம் தங்கித் தெரிவதை நின்றொளிர்தல் என்றும் எழுதுவது உண்டு. பிள்ளைகள் படுக்கையறைக் கூரையில் ஒட்டும் நட்சத்திர ஒட்டி நினைவிருக்கும். விளக்கை அணைத்தபிறகும் பச்சையாகத் தெரியுமே, அது நின்றொளிர்தல். ‘நின்று’ என்ற ஒரு சொல்லில் முழுப் பொருளும் வந்துவிட்டது. ஆனால் அதன் இணையை வெறும் ஒளிர்தல் என்று விட்டுவிட்டார்கள். நின்று ஒளிர்வதற்கு எதிரானது உடன் ஒளிர்வது. உடனொளிர்வு என்ற சொல்லும் சிலர் எழுத்தில் ஏற்கெனவே வழங்குகிறது. வாங்கிய உடனே விடுவது என்ற பொருளும், வரும் ஒளியோடு கூடவே ஒளிர்வது என்ற பொருளும் அதில் இருக்கின்றன. நிறம் மாற்றித் தருகிறது என்ற செய்தி மட்டும் அதில் இல்லை. அது குறைதான். ஆனாலும் ஒன்றை இன்னொன்றாகக் காட்டிக் குழப்பாது. குண்டு பல்புக்கோ நல்ல சொல் கையிலேயே இருக்கிறது: கனல் விளக்கு. சூட்டினால் சிவந்து ஒளிவிடுவதைக் கனலுதல் என்று நம் பாட்டிமார் அடுப்படியிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

புளோரொளிர்வு என்று எழுதுகிறவர்களும் உண்டு. மூலச் சொல்லுக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் பற்பசையில் இருக்கும் புளோரைடுதான் நினைவுக்கு வரும். குழலுக்குள் புளோரின் வாயு அடைத்திருக்கிறதா என்று என்னிடமே ஒரு பையன் கேட்டான். கல்லின் பெயரைக் கட்டிச் சுமப்பதால் தமிழ் வாசகனுக்கு என்ன லாபம்?

இங்கே மொரிஷியஸில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கடையில் போய்க் குழல் விளக்கு கேட்டால் ‘நியோன்’ என்றுதான் சொல்வோம். பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் கிளோட் 1910இல் பாரிஸில் நியான் வாயு அடைத்த குழலைக் காட்டினார். அது செந்நிறமாக எரியும். அதிலிருந்து பிரெஞ்சில் எல்லாக் குழலுக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது, நாமும் வாங்கிக்கொண்டோம். வெள்ளைக் குழலின் வெளிச்சத்துக்கும் நியானுக்கும் சம்பந்தம் இல்லை. பேச்சில் நியோன் என்று சொல்வதை நான் தடுக்கவில்லை, கடைக்காரருக்கு அதுதான் புரியும். தமிழில் எழுதும்போது வேண்டாம்.

சரி, வெறுமனே ‘குழல் விளக்கு’ என்றால் போதாதா? வீட்டுக்குப் போதும். ஆனால் இப்போது அதே நீளத்தில், அதே தடிமனில் எல்இடி குழலும் வருகிறது. அதைவிடப் பெரிய காரணத்தை அந்தத் தொட்டியைப் பார்த்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

அடுத்த வாரம் அவள் அப்பா வீட்டுக்கு அழைத்திருந்தார். நான்கடித் தொட்டி. நம் கடலில் பவளத்தை உடைத்து எடுக்கச் சட்டம் விடாது. இவர் முறையாக விலைக்கு வாங்கிய சின்னத் துண்டுகளை வளர்க்கிறார். மேலே டி5 குழல் நான்கு, ஒவ்வொன்றும் 54 வாட், ஒவ்வொன்றுக்கும் தனிப் பளபளப்புத் தகடு. ‘5’ என்றால் ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, சுமார் 16 மில்லிமீட்டர் தடிமன். பவள உயிரின் உடம்புக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெளிச்சத்தில் சமைக்கும் உணவில்தான் பவளம் பெரும்பாலும் வாழ்கிறது. கடலில் சிவப்பு ஒளி மேல் மட்டத்திலேயே அடங்கிவிடும், நீலம்தான் ஆழம் வரை போகும். அதனால் இரண்டு குழல் 10,000 கெல்வின் என்று குறிக்கும் நீலச்சாயல் வெள்ளை, இரண்டு நீலம் என்று மாட்டியிருக்கிறார். பொடியின் தன்மை நாளாக ஆக மாறிவிடும் என்பதால், எரிந்துகொண்டிருந்தாலும் ஆண்டுக்கொரு முறை குழலை மாற்றுகிறார்.

வெள்ளைக் குழல்களை அணைத்தார். நீலம் மட்டும் இருந்தது. பழுப்பாகக் கிடந்த ஒரு துண்டு, விளிம்பில் பச்சை பற்றிக்கொண்டது போல ஆனது. பக்கத்தில் இருந்தது ஆரஞ்சு. கையை நீட்டி நீலக் குழலின் ஒளியை மறைத்தேன். என் கை நிழல் விழுந்த இடத்தில் பச்சை அந்தக் கணமே போய்விட்டது. கையை எடுத்ததும் வந்தது. பவளத்தில் உள்ள புரதம் நீலத்தை வாங்கிப் பச்சையை விடுகிறது. மேலே குழலின் பொடி செய்வதும் கீழே பவளம் செய்வதும் ஒரே வேலை. குழல் விளக்கு என்ற சொல் கீழே இருப்பதைத் தொடாது. உடனொளிர்வு இரண்டையும் அள்ளும்.

இதைப் போன்ற பச்சைப் புரதத்தை முதலில் ஒரு சொறிமீனில் கண்டுபிடித்தார்கள். அந்த ஆராய்ச்சிக்காக ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் 2008இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்தச் சொறிமீனில் ஒரு புரதம் மின்மினி போலத் தானே நீல ஒளியை உண்டாக்குகிறது, இன்னொன்று அதை வாங்கிப் பச்சையாக்குகிறது. முதலாவது உயிரொளிர்வு, இரண்டாவது உடனொளிர்வு. இரண்டையும் ‘ஒளிரும் புரதம்’ என்று மொழிபெயர்த்தால் அந்த நோபல் எதற்கென்றே தமிழில் சொல்ல முடியாது.

மொழிபெயர்க்கிறவர்கள் மேல் எனக்கு உள்ள வருத்தம் இதுதான். பொருளைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்க்கிறார்கள். அதே பெண்ணின் கட்டுரையில் நீலக் குழலுக்கு ‘கதிரியக்க விளக்கு’ என்று இருந்தது! அந்த நீலக் குழலை ஆங்கிலத்தில் ஆக்டினிக் என்பார்கள். அது கதிர் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வேதிமாற்றம் உண்டாக்கும் ஒளி என்று பொருள். கதிரியக்கத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வரவேற்பறையில் கதிரியக்க விளக்கு என்று படிக்கும் ஒரு பாட்டி என்ன நினைப்பார்? மொரிஷிய ரூபாய்த் தாளில் தமிழ் எந்த வரியில் வர வேண்டும் என்று 1998இல் எதிர்ப்புக் கிளம்பி, அச்சிட்ட தாளையே திரும்பப் பெற்ற நாடு இது. எழுத்தின் இடத்துக்கு அவ்வளவு மானம் பார்த்த நாம், சொல்லின் பொருளுக்கும் பார்க்க வேண்டும்.

அந்தப் பெண் வாக்கியத்தைத் திருத்தி எழுதினாள்: “கனல் விளக்கு தண்ணீரைச் சூடாக்கும் என்பதால் அப்பா உடனொளிர் குழல் வாங்கி மாட்டினார்.” ஆக்டினிக் குழலுக்கு ஆழ்நீலக் குழல் என்று போடலாமா என்று அவளே கேட்டாள். போடலாம் என்றேன்.