கோபுரத்தைத் துணியில் அச்சடித்தால் அது இன்ஸ்பிரேஷனா?

ஏப்ரல், மே வந்தால் ஃபேஷன் டிசைன் கல்லூரிகளில் இறுதியாண்டு ஜூரி, அதாவது மாணவர்கள் செய்த உடைகளை நேரில் பார்த்து மதிப்பிடும் தேர்வு, தொடங்கிவிடும். நான் பேட்டர்ன் வேலை, அதாவது உடைக்குத் துணியை எப்படி வெட்டுவது என்று வரைந்து கொடுக்கும் வேலை, செய்பவள். சென்னையில் மாதிரி உடைகள் தைக்கிற சாம்பிளிங் யூனிட் ஒன்றைச் சின்னதாக வைத்திருக்கிறேன். நான்கு மெஷின், ஒரு கட்டிங் டேபிள், அவ்வளவுதான். வருஷத்துக்கு இரண்டு மூன்று கல்லூரிகளில் வெளித் தேர்வாளராகக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு மாணவரும் ஐந்தாறு உடைகளை வரிசையாக மாட்டி வைத்திருப்பார். பக்கத்தில், யோசனை எங்கிருந்து வந்தது என்று படங்களை ஒட்டிக் காட்டும் மூட் போர்டு நிற்கும். அதில் தஞ்சைப் பெரிய கோயில், ஆத்தங்குடித் தரை ஓடு, தெய்யம், மயில் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தே தீரும்.

"இன்ஸ்பிரேஷன் என்ன?" என்று கேட்டால் படத்தைக் காட்டுவார்கள். அதில் சிக்கல் இல்லை. அடுத்ததாக நான் கேட்பதில்தான் பலர் மாட்டிக்கொள்வார்கள். "சரி, அது இந்த உடையில் எங்கே இருக்கிறது?"

ஒரு கல்லூரியில் நடந்தது இது. தரையைத் தொடும் வெள்ளை கவுன், அதன்மேல் டிஜிட்டல் பிரின்ட்டில் கோபுரம். பிரின்ட் அருமையாகத்தான் வந்திருந்தது. ஆனால் மனதுக்குள் அந்தப் பிரின்ட்டை அழித்துப் பார்த்தேன். எந்தக் கடையிலும் தொங்குகிற ஏ-லைன் கவுன் மட்டும் மிஞ்சியது. தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு தையல் ஓடியது. அது எதற்கு என்று கேட்டேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாஸ்டர் வெச்சார் மேடம்" என்றாள். நான்கு வருஷப் படிப்பு அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துபோனது. கோபமெல்லாம் வரவில்லை. அவள் கல்லூரியில் யாரும் அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதுதான் வருத்தமாக இருந்தது.

வெளியே ஒரு டெய்லர் மாஸ்டரிடம் ஸ்கெட்சைக் கொடுத்து கலெக்ஷனையே தைத்து வாங்குவது நிறைய நடக்கிறது. உதவி வாங்குவது தப்பில்லை, நானும் வாங்குகிறேன். ஆனால் எந்தத் துண்டு நேரிழையில் வெட்டப்பட்டது, எது பயாஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டப்பட்டது என்றே தெரியாதவர், தன் யோசனை துணிக்குள் போனதா இல்லையா என்று எப்படிச் சொல்வார்?

செட்டிநாட்டு வீடுகள் எனக்கும் பிடிக்கும். ஆத்தங்குடி ஓட்டின் பூவை ஸ்கேன் செய்து காட்டனில் அச்சடித்த கலெக்ஷன்களை எத்தனை முறை பார்த்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஓடு செய்வதைப் போய்ப் பார்த்தாயா என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்பதுதான் பதில். போயிருந்தால் பூவைவிட நல்ல விஷயம் ஒன்று கிடைத்திருக்கும். அந்த ஓட்டைக் கவிழ்த்துத்தான் செய்கிறார்கள். கீழே ஒரு கண்ணாடி. அதன்மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, அறை அறையாக நிறச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவார்கள். சட்டத்தைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு மூடிவிடுவார்கள். வேலை செய்கிறவர் கண்ணுக்கு அப்போது தெரிவது ஓட்டின் முதுகு மட்டும்தான். தண்ணீரில் ஊறி, காய்ந்து, கண்ணாடி கழன்று வரும்போதுதான் பூ தெரியும். அந்தப் பளபளப்பும் கண்ணாடி தந்ததுதான்.

கவிழ்த்துச் செய்து திருப்பிப் பார்க்கிற இந்த முறையைத் துணியில் அப்படியே செய்ய முடியும். இரண்டு மூன்று நிறத் துணிகளை அடுக்கி, பின்பக்கத்திலிருந்து கோலத்தைத் தைத்து, திருப்பி, மேல் துணியை மட்டும் வெட்டி விலக்கினால் அடியில் இருக்கும் நிறம் எட்டிப் பார்க்கும். ரிவர்ஸ் அப்ளிக் என்று வகுப்பில் எல்லாரும் படித்ததுதான். இதைச் செய்திருந்தால் போர்டில் ஓட்டின் படமே தேவைப்பட்டிருக்காது.

உலக அளவில் இன்றும் பேசப்படுகிற பட்டதாரி கலெக்ஷன்களை எடுத்துப் பார்த்தாலும் இதுதான் தெரியும். 1993-ல் லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் ஹுசேன் சலாயன் தன் இறுதியாண்டு உடைகளை இரும்புத்தூளோடு சேர்த்துத் தோட்டத்தில் புதைத்து வைத்தார். ஷோவுக்கு முன்னால் தோண்டி எடுத்தார். மண்ணும் துருவும் சேர்ந்துதான் அந்தத் துணிக்கு நிறம் கொடுத்தன. மட்கிப்போவதைப் பற்றி அவர் படம் வரையவில்லை, துணியையே மட்க விட்டார்.

அதற்கு முந்தைய வருஷம் அதே கல்லூரியில் அலெக்சாண்டர் மெக்குவீன். லண்டனில் விக்டோரியா காலத்தில் பெண்களைக் கொன்ற ஜாக் தி ரிப்பர்தான் அவருக்குக் கரு. கேட்டால் முகம் சுளிப்போம். ஆனால் அவர் கத்தியையோ ரத்தத்தையோ அச்சடித்துவிட்டுப் போகவில்லை. அந்தக் காலத்து கோட்டின் வெட்டைக் கையில் எடுத்தார், லைனிங்குக்குள் தலைமுடியை வைத்தார். பதினாறு வயதிலேயே லண்டனில் கோட் தையலுக்குப் பேர்போன சாவில் ரோ தெருக் கடைகளில் வேலை கற்றவர் என்பதால் அவர் கற்பனை கத்தரிக்கோல் வரைக்கும் போக முடிந்தது. இசபெல்லா ப்ளோ என்ற ஃபேஷன் எடிட்டர் முழு கலெக்ஷனையும் 5,000 பவுண்டுக்குத் தவணையில் வாங்கிக்கொண்டார். மாணவர்கள் இந்தக் கதையின் பின்பாதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்.

லண்டன்தான் உதாரணமா என்று கேட்பீர்கள். நம் ஊர்த் துணி ஒன்றைப் பற்றியே சொல்கிறேன். கட்டம் போட்ட மெட்ராஸ் கைக்குட்டைத் துணி பல தலைமுறைகளாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது. நைஜீரியாவின் நைஜர் டெல்டாவில் கலபாரி என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் துணியின் பெயர் இஞ்சிரி. அங்கே பெண்கள் அந்தக் கட்டத்திலிருந்து சில இழைகளை மட்டும் பிளேடால் அறுத்து உருவி எடுத்துவிடுவார்கள். உருவிய இடம் வலைபோல் திறந்துகொள்ளும், கட்டத்துக்குள் புதிய கோலம் பிறக்கும். பெலெடே பிடே என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. ஒரு நூல்கூடச் சேர்க்காமல், எடுத்தே அந்தத் துணியைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். நெய்தவரின் வேலை அதில் அழியவும் இல்லை. அடுத்தவர் கைவேலையிலிருந்து இன்ஸ்பிரேஷன் எடுப்பது எப்படி என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கலபாரிப் பெண்களைத்தான்.

இங்கேயும் அப்படி ஒன்றைப் பார்த்தேன். நாமக்கல் பக்கத்துப் பெண், லாரித் தொழில் செய்யும் குடும்பம். அவள் போர்டில் அழகான படம் எதுவும் இல்லை. லோடு ஏற்றிய லாரிகள், கயிறு, தார்ப்பாயின் மூலை மடிப்பு என்று அவளே போனில் எடுத்த படங்கள்தான். கூட இருந்த தேர்வாளர் ஒருவர் முதலில் முகம் சுளித்தார். பிறகு உடைகளைப் பார்த்தோம். ஐந்து கோட்டுகள், உடம்போடு பொருந்துவதற்காகத் துணியைப் பிடித்துத் தைக்கும் டார்ட் ஒன்றில்கூடக் கிடையாது. சதுரத் துணியை உடம்பின்மேல் போர்த்தி, லாரியில் மூலையை மடிப்பதுபோல் இடுப்பிலும் தோளிலும் மடித்து, ஓரத்தில் அடித்த துளைகளின் வழியே கயிறு கோத்து இழுத்துக் கட்டியிருந்தாள். கயிற்றைத் தளர்த்தினால் பெரிய உடம்புக்குப் பொருந்தும், இழுத்தால் சின்ன உடம்புக்கு. காடாத் துணியில் பதினோரு முறை செய்து பார்த்திருக்கிறாள். சரியாக வராத அத்தனையையும் ஒரு கோணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஜூரியில் எனக்கு அதிகம் பிடித்தது அந்தக் கோணிப்பை.

ஷோ அன்று அவளுடைய மாமா வந்திருந்தார், லாரி டிரைவர். ஒரு கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்த முடிச்சு மழைக்குத் தாங்காது பாப்பா" என்று சொல்லி, அவிழ்த்து வேறு மாதிரி கட்டிக் காட்டினார். அவள் உடனே போனை எடுத்து அதை வீடியோ எடுத்துக்கொண்டாள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்ல வேண்டும். இன்னொரு ஜூரியில் ஒரு மாணவர், தோடர்களின் சிவப்பு, கறுப்புக் கோலங்களை பாலியெஸ்டரில் அச்சடித்து நீச்சலுடை செய்திருந்தார். கீழே "தோடர் பழங்குடி இன்ஸ்பிரேஷன்" என்று எழுதியிருந்தார். நீலகிரியில் தோடர் பெண்கள் வரைபடம் எதுவும் போடாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணித் தைக்கிற வேலை அது. அந்தப் போர்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர். விசேஷங்களில் போர்த்திக்கொள்வார்கள், இறந்தவர் உடலையும் அதில்தான் போர்த்துவார்கள். இதைச் சொன்னதும் அந்தப் பையன் முகம் வெளுத்துவிட்டது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, இணையத்தில் படத்தைப் பார்த்ததோடு நின்றுவிட்டார். மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரியான நிஃப்ட் போன்ற இடங்களில் மாணவர்களைக் கைவினைஞர்களிடம் அனுப்புவது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் கல்லூரியில் அது இல்லையென்றால் ஊட்டிக்கு பஸ் இருக்கிறது.

தோடர் எம்பிராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சட்டம் முதன்மையாகக் காப்பது பெயரை. அச்சடித்த துணியைத் தோடர் எம்பிராய்டரி என்று விற்றால் சட்டப்படி மாட்டிக்கொள்வீர்கள். மெழுகு அச்சுப் புடவையை முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சுங்குடி என்று விற்பதும் இந்த ரகம்தான். சட்டத்துக்கு வெளியே இன்னொரு கணக்கும் உண்டு. 2015-ல் பிரெஞ்சு டிசைனர் இசபெல் மரான் வெளியிட்ட ஒரு பிளவுஸ், மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்துக் கிராமம் ஒன்றின் பாரம்பரிய உடையைப்போலவே இருந்தது என்று அந்த ஊர் மக்கள் குரல் எழுப்பினார்கள். 2025 ஜூனில் மிலானில் இத்தாலிய ஃபேஷன் நிறுவனமான ப்ராடா காட்டிய செருப்பு கோலாப்பூர் செருப்பைப்போலவே இருந்தது. நம் ஊரில் பெரிய சத்தம் எழுந்த பிறகுதான், இந்தியக் கைவினைச் செருப்பிலிருந்து வந்தது என்று அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. பெரிய நிறுவனங்கள் இதையும் தாண்டிப் போய்விடும். முதல் வேலை தேடுகிற இருபத்திரண்டு வயதுக்காரருக்கு அது அவ்வளவு சுலபமில்லை.

அதனால் வேலை கேட்கும்போது காட்டும் போர்ட்ஃபோலியோவில் யாரிடம் கற்றீர்கள், எந்த ஊர், எந்தக் கூட்டுறவுச் சங்கம் என்று எழுதுங்கள். நெய்தவரின் பெயரை அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். சாம்பிளுக்குக் கொடுத்த கூலியையும் எழுதி வையுங்கள், வேலைக்கு எடுப்பவர்கள் அதைக் கவனிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தவருடையதை எடுக்காமல் இருப்பது போலவே, உங்களுடையதைக் காத்துக்கொள்வதும் முக்கியம். ஒரு உடையின் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தையும் அலங்காரத்தையும் 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம். பத்து வருஷப் பாதுகாப்பு கிடைக்கும், மேலும் ஐந்து வருஷம் நீட்டிக்கலாம். தைக்கும் உத்திக்கு இதில் இடமில்லை, தோற்றத்துக்குத்தான். பதிவு செய்யாமல் விட்டுவிட்டு, காப்பிரைட் இருக்கிறதே என்று நம்பியிருக்கவும் முடியாது. பதிவு செய்யக்கூடிய ஒரு டிசைனைப் பதிவு செய்யாமல் ஐம்பது பிரதிகளுக்கு மேல் தொழில்முறையில் தயாரித்துவிட்டால் அதன் காப்பிரைட் போய்விடும் என்று சட்டமே சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நிபந்தனை, டிசைன் புதியதாக இருக்க வேண்டும். மனு போடும் நாளுக்கு முன்னால் உலகத்தில் எங்கேயாவது அது வெளியாகியிருந்தால், வெளியிட்டது நீங்களே ஆனாலும், பதிவு கிடைப்பது கஷ்டம்.

தார்ப்பாய்க் கோட்டுக்காரி ஷோ முடிந்த சில வாரங்களில் என் யூனிட்டுக்கு வந்தாள். கோட்டைப் பதிவு செய்ய வேண்டும், வக்கீல் யாராவது தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்று சொல்லிவிட்டு, "இன்ஸ்டாவில் ஏதாவது போட்டாயா?" என்று கேட்டேன்.

முகமெல்லாம் சிரிப்போடு போனைத் திறந்து நீட்டினாள். "ஆமா மேடம், அஞ்சு கோட்டும் போட்டேன். மாமா முடிச்சுப் போடற வீடியோவுக்குத்தான் ஏகப்பட்ட லைக்ஸ்."