கச்சான் காற்றும் இரண்டடிப் பலகையும்

இரண்டு வருடத்துக்கு முன், மார்கழி மழைக்குள் ஒரு படிப்பு மேசை செய்தேன். பழைய பலட் (சரக்கு அடுக்கி ஏற்றும் மரத்தட்டு) ஒன்றைக் கழற்றி, பலகைகளைப் பக்கம் பக்கமாகப் பசை போட்டு ஒட்டினேன். மேற்பலகை இரண்டடி அகலம். வளையக்கூடாது என்று அடியில் இரண்டு குறுக்குச் சட்டங்களை வைத்து, பசையும் ஸ்குரூ ஆணியுமாக இறுக்கினேன். ஆணி, பசை, வார்னிஷ் தவிர வேறு செலவில்லை. ஆனி மாதத்தில், கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று வீசிய ஒரு மத்தியானம், தேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம். மேசையின் நடுவில் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு.

மரம் மட்டமானது என்று வீட்டில் சொன்னார்கள். மரத்தில் பிழையில்லை, நான் பூட்டிய விதம்தான் பிழை.

மரம் என்பது ஈர்க்குக் கட்டு மாதிரி. நீளவாக்கில் நெருக்கமாக அடுக்கிய நுண்குழாய்கள். அவற்றின் சுவரில் செல்லுலோஸ் இழைகள். காற்றில் ஈரம் கூடினால் நீர் மூலக்கூறுகள் அந்த இழைகளுக்கு இடையே புகுந்து ஒன்றை ஒன்று விலக்கும். இழைகள் கிட்டத்தட்ட நீளவாக்கில் கிடப்பதால் பலகை அகலத்தில்தான் பருக்கும், நீளத்தில் மாற்றம் இல்லை என்றே சொல்லலாம். பச்சை மரம் முழுக்கக் காய்ந்தாலும் நீளத்தில் குறைவது 0.1 முதல் 0.2 சதவீதம்தான். அகலத்தில், வளையங்களின் போக்கில் 5 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதில் ஏறக்குறைய பாதி.

இனிக் கணக்கைப் பார்ப்போம். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதமாக நீடித்தால், மரம் தன் உலர் எடையில் 17 சதவீதம் அளவுக்கு நீரை வைத்திருக்கும். 60 சதவீதமாக இறங்கினால் அது 11 ஆகிவிடும். வித்தியாசம் 6. சுவர்கள் நிரம்பி நிற்கும் அளவு சுமார் 30 சதவீதம். மரம் சுருங்கத் தொடங்குவது அதற்குக் கீழேதான். 30இல் 6 என்றால் ஐந்தில் ஒரு பங்கு. என் பலகைகள் பைன். அதன் முழுச் சுருக்கத்தை 7 சதவீதம் என்று வைத்தால், ஐந்தில் ஒரு பங்கு 1.4 சதவீதம். 24 அங்குலப் பலகையில் அது மூன்றில் ஒரு அங்குலம்! சட்டமோ குறுக்கே, தன் நீளவாக்கில் கிடக்கிறது. அது அசையாது. சுருங்க இடமில்லாத பலகை பிளந்துகொள்ளும்.

வாடைக்காற்று மழையும் கச்சானின் வறட்சியும் மாறி மாறி வருகிற திருகோணமலையில் இந்த இழுபறி வருடாவருடம் நடக்கும். தேக்கும் சுருங்கும், ஆனால் குறைவாக. அதன் விலைக்கு ஒரு காரணம் இதுவும்தான்.

வெடித்த மேசையை எங்கள் பக்கத்து ஓடாவி (தச்சர்) ஒருவரிடம் காட்டினேன். குனிந்து அடியைப் பார்த்தவர், "தம்பி, நடுவில இருக்கிற ஆணிய மட்டும் இறுக்கும். கரையில இருக்கிறத ஓட விடும்" என்றார். அவ்வளவுதான் வைத்தியம். சட்டத்தில் நடுத் துளை ஆணிக்கு அளவாக இருக்கட்டும். கரைத் துளைகளை மேற்பலகையின் அகலவாக்கில் அரை அங்குலம் நீட்டி, வாஷர் போட்டுப் பூட்டினால் போதும். பசை கூடவே கூடாது. பலகையோடு பலகை ஒட்டலாம், அவை சேர்ந்தே அசையும். பழைய வீட்டுக் கதவுகளைப் பாருங்கள்: உள்பலகை சட்டத்தில் வெட்டிய பள்ளமான காடிக்குள் பசையில்லாமல் சும்மா நிற்கும். அதுவும் இதே அறிவுதான்.

வார்னிஷ் ஈரத்தைத் தடுக்காது, தாமதப்படுத்தும். அதனால் மேலே மட்டும் பூசாதீர்கள். அடி சீக்கிரம் காய்ந்து பலகை வளையும். நுண்குழாய்கள் திறந்து கிடக்கும் முனைகளுக்கு இன்னும் இரண்டு பூச்சு.

கடலோரத்தில் ஆணியையும் கவனிக்க வேண்டும். உப்புப் படிந்த இடம், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்து ஈரமாகிவிடும். வெறும் இரும்பு அங்கே துருப்பிடித்துப் பருத்து மரத்தைப் பிளக்கும். நாகம் (துத்தநாகம்) பூசிய ஆணி கொஞ்சம் விலை கூட, ஆனாலும் வாங்குங்கள்.

அப்புறம், பலட்டில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி என்றால் சூடேற்றிப் பூச்சி கொன்றது. மரத்தின் நடுவரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம். எம்.பி என்றால் மெதில் புரோமைடு என்ற நச்சு வாயு போட்டது. அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

அடுத்த மழைக்காலத்தில் புதுப் பலகைகளோடு மேசையை மறுபடி பூட்டினேன். பலகையின் இரண்டு கரையும் சட்டத்தில் எங்கே நிற்கின்றன என்று பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். ஆடியில் குனிந்து பார்த்தால், பலகை இரண்டு பக்கமும் கோட்டிலிருந்து கிட்டத்தட்ட 3 மில்லிமீற்றர் உள்ளே போயிருந்தது. வெடிப்பு எதுவும் இல்லை.