கம்பிக்குள் ஓடுவது எது?

"கரண்ட் போயிருச்சு" என்று சொல்லும்போது யாருக்கும் ஆறு ஞாபகம் வருவதில்லை. ஆனால் அது தண்ணீரோடு பழகிய சொல். லத்தீனில் ‘குர்ரெரே’ என்றால் ஓடுதல். அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ஆற்றின் இழுப்பையும் கடலின் நீரோட்டத்தையும் குறித்தது. ஓடிக்கொண்டிருக்கும் காலமும் கரண்ட்தான். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற கரண்ட் அஃபேர்ஸ் அப்படி வந்தது. பணம் வரவும் போகவுமாக ஓடுகிற வங்கிக் கணக்கு, கரண்ட் அக்கவுண்ட்.

நம் மொழியும் இதே வழியில் போயிருக்கிறது: நீரோட்டம், இரத்த ஓட்டம், மின்னோட்டம். நம் கடற்கரையில் மீனவர்கள் நீரோட்டத்தை ‘நீவாடு’ என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது.

கடலின் ஓட்டத்தையும் மின்சாரத்தையும் ஒரே மனிதர் ஆராய்ந்திருக்கிறார்: பெஞ்சமின் ஃபிராங்க்ளின். அமெரிக்கக் காலனிகளின் தபாலைக் கவனித்துவந்தவர். இங்கிலாந்திலிருந்து வரும் தபால் கப்பல்கள் ஏன் தாமதமாகின்றன என்ற கேள்வி எழுந்தபோது, அவருடைய உறவினரும் மாலுமியுமான திமோத்தி ஃபோல்ஜர் காரணம் சொன்னார். கப்பல்காரர்கள் அட்லாண்டிக்கில் வளைகுடா நீரோட்டத்தை எதிர்த்துக்கொண்டு வருகிறார்கள். திமிங்கிலம் பிடிப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். 1760களின் இறுதியில் இருவருமாக அதை வரைபடத்தில் கொண்டுவந்தார்கள்.

அதற்கு முன்பே ஃபிராங்க்ளின் மின்சாரத்தை ஒரு பாய்மமாக விளக்கியிருந்தார். அது மிகுந்த பக்கம் பிளஸ், குறைந்த பக்கம் மைனஸ். 1820ல் பிரெஞ்சு அறிவியலாளர் ஆம்பியர் மின்னோட்டம் என்ற கருத்தைத் தெளிவாக்கி, பிளஸிலிருந்து மைனஸை நோக்கி அதற்கு ஒரு திசையும் வைத்தார். 1897ல் ஜே.ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்தார். கம்பியில் நகர்வது மைனஸ் மின்னூட்டம் கொண்ட அந்தத் துகள்தான் என்பது பிறகு தெளிவாயிற்று. மின்சுற்றுப் படங்களில் இன்றும் அம்புக்குறி எலெக்ட்ரான் போகும் திசைக்கு எதிராகவே இருக்கிறது.

சரி, எலெக்ட்ரான் எவ்வளவு வேகமாக ஓடுகிறது? 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்பு உள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் மின்னோட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு விநாடியில் கம்பியின் ஓரிடத்தைக் கடப்பவை சுமார் 62,400 கோடி கோடி எலெக்ட்ரான்கள். ஆனாலும் அந்தக் கூட்டம் முன்னேறுவது விநாடிக்கு 0.07 மில்லிமீட்டர்தான். ஒரு மீட்டர் தாண்ட ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். தனித்தனி எலெக்ட்ரான்கள் சும்மா இருப்பதில்லை. செம்புக்குள் விநாடிக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசையிலும் அலைகின்றன. அந்த அலைச்சலுக்கு நடுவே மொத்தக் கூட்டமும் ஒரு பக்கமாக நகரும் மிகச் சிறிய நகர்வைத்தான் கரண்ட் என்கிறோம்.

அப்படியென்றால் சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிவது எப்படி? இங்கே தண்ணீர் உதவிக்கு வருகிறது. செடிக்கு ஊற்றும் ஹோஸ் பைப்பில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தால், குழாயைத் திறந்த உடனே மறுமுனையில் கொட்டும். குழாயிலிருந்து இப்போது கிளம்பிய தண்ணீர் அல்ல அது, உள்ளே இருந்ததுதான். போய்ச் சேர்வது அழுத்தம். கம்பியும் எலெக்ட்ரான்களால் நிறைந்தே இருக்கிறது. மின்புலத்தின் மாற்றம் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடக்கூடிய வேகத்தில் பரவி, எல்லா எலெக்ட்ரான்களையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தள்ளுகிறது.

ஆனால் வீட்டு மின்சாரத்துக்கு வந்தால் ஆற்று உவமை உடைந்துபோகிறது. அது மாறுதிசை மின்னோட்டம். விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடி முடிக்கிறது. மேலே சொன்ன அளவுள்ள கம்பியில் அந்த ஆட்டத்தின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்புறம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர். உயர் அழுத்தக் கம்பி அதில் ஒரு சுருளோடு முடிகிறது. நம் வீட்டுக்கு வரும் கம்பி வேறொரு சுருளில் தொடங்குகிறது. ஒன்று மற்றொன்றைத் தொடுவதில்லை. இடையில் தாண்டிவருவது காந்தப்புலம் சுமந்துவரும் ஆற்றல் மட்டுமே.

மின் நிலையத்திலிருந்து எதுவும் ஆறுபோல ஓடி நம் வீட்டுக்கு வருவதில்லை. கரண்ட் பில்லில் இருக்கும் யூனிட்டும் எலெக்ட்ரான் கணக்கு அல்ல. 1,000 வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் இயங்கச் செலவாகும் ஆற்றல் அது.